நம்பர் பிளேட்டைப் பூட்டு என்று நினைக்கிறவர்களுக்கு

நேற்று அந்த ஆல்பம் பற்றிய பதிவுக்குக் கீழே கமெண்டுகளில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் மாஸ்டரிங் செய்த, அதாவது கடைசியாக ஒலியைச் சரிசெய்து வட்டு அச்சுக்குத் தயாராக்கிக் கொடுத்த ஆல்பம் அது. அதன் எம்பி3 வெளியே கசிந்துவிட்டது, பழி என் மேல். கேள்வி இதுதான்:

"மாஸ்டரிங் பண்ணினவர் ஐஎஸ்ஆர்சி போட்டாரா இல்லையா? போட்டிருந்தா எப்படி எம்பி3 வெளியே சுத்துது?"

கேட்டவர் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. இசைக்காரர்களே போட்ட லைக்குகள்.

ஐஎஸ்ஆர்சி என்பது 12 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒன்று. அந்தப் பதிவு எங்கே ஒலித்தது, காசு யாருக்குப் போக வேண்டும் என்று கணக்குப் பார்க்க உதவும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. பிளேட் மாட்டிய வண்டி திருடு போகவே போகாதா?

சிடியில் அது பாட்டின் ஒலிக்குள் இருப்பதும் இல்லை. ட்ராக், நேரம் போன்ற விவரங்கள் தனியாக ஓடுகிற க்யூ சப்சேனல் என்ற பகுதியில் இருக்கிறது. பாட்டைக் கணினிக்கு எடுத்து (ரிப் பண்ணி) எம்பி3 ஆக்கினால் பெரும்பாலும் கூடவே வராது. அங்கேயே 'நகலெடுக்கலாமா' என்று சொல்ல ஒரு பிட் உண்டு. நான் எல்லா மாஸ்டரிலும் 'கூடாது' என்றுதான் வைத்து அனுப்புகிறேன். பழைய டாட் (டிஜிட்டல் டேப்), மினிடிஸ்க் ரெக்கார்டர்கள் அதைப் பார்த்து, நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்க விடாது. கணினி அதைச் சட்டையே செய்யாது. அவ்வளவுதான் அதன் வீரம்.

"டிவிடிக்கு நகலெடுக்க விடாத பூட்டு இருக்கே?" இருக்கிறது. பூட்டோடு பிறந்த வடிவம் அது. அதையும் 1999லேயே உடைத்துவிட்டார்கள். விடுங்கள்.

ஆடியோ சிடி 1980ல் பிலிப்ஸும் சோனியும் எழுதிய ரெட் புக் விதிப்படி வந்தது. அதில் பூட்டுக்கு இடமே இல்லை. பூட்ட வேண்டுமென்றால் விதியை மீறித்தான் வட்டைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்த வட்டுகளில் சிடி லோகோ போடக்கூடாது என்று பிலிப்ஸே சொன்னது. பெரிய கம்பெனிகள் முயன்று பார்க்காமலா விட்டன? 2002ல் ஒரு பூட்டை மார்க்கர் பேனாவால் வட்டின் ஓரத்தில் கோடு போட்டே திறந்தார்கள். 2003ல் இன்னொன்றை ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு வட்டைப் போட்டே தாண்டினார்கள். 2005ல் சோனி பிஎம்ஜி என்ற இசைக் கம்பெனியின் சிடிக்கள், வாங்கியவர்களின் கணினியிலேயே ரூட்கிட்டை, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கும் மென்பொருளை, ஒளித்து வைத்தன. மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அதை வெளியே கொண்டுவந்ததும் வட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அடி வாங்கியது யார்? காசு கொடுத்து வாங்கியவன்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அந்தக் காலத்தில் ஆசை ஆசையாக வாங்கிய ஒரு ஒரிஜினல் சிடி கார் பிளேயரில் ஓடவே இல்லை. போடும், சுற்றும், துப்பிவிடும். கடைசியில் நண்பன் ஒருவன் அதே ஆல்பத்தை நகல் போட்டுக் கொடுத்தான். அது முதல் தடவையிலேயே பாடியது. பூட்டு வேண்டும் என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துப்பல் சத்தம்தான் கேட்கிறது.

"அப்போ திருட்டுக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். ஐயா, திருட்டால் உங்கள் வருமானம் போகிறது என்றால் என் வருமானமும்தான் போகிறது. ஆல்பம் விற்காத இசைக்காரர் முதலில் நிறுத்தி வைப்பது மாஸ்டரிங் ஆளின் மிச்சப் பணத்தைத்தான். எனக்கா திருட்டின் வலி தெரியாது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுற்றிக்கொண்டிருக்கும் அந்த எம்பி3 சிடியிலிருந்து வந்ததே இல்லை. வட்டு அச்சாகும் முன்பே வாட்ஸ்அப்பில் ஓடிய, மாஸ்டரிங்குக்கு முந்தைய மிக்ஸ் அது. மூன்றாவது பாட்டில் நான் பிறகு சரிசெய்த அந்த இரைச்சல் அதில் அப்படியே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மிக்ஸை யார் யாருக்கு அனுப்பினோம் என்று யாராவது யோசித்தீர்களா? இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ட்ராக் இடைவெளி அரை விநாடி குறையுது என்று உட்கார்ந்து சரிபார்த்தவன்தான் கண்ணில் பட்டான். "ஒரு பட்டன் அழுத்தினா போதுமே, அதைக்கூட பண்ணலையா"வாம். எந்தப் பட்டன் என்று காட்டினால் நானும் அழுத்திப் பார்க்கிறேன்.

இனி ஆல்பம் அனுப்புகிறவர்கள் பாட்டு வரிசையோடு ஐஎஸ்ஆர்சி கோட் பட்டியலையும் சேர்த்தே அனுப்புங்கள். எழுத்துப் பிசகாமல் பதித்துத் தருவேன். பூட்டு வேண்டுமென்றால் லைக் போட்டவர்களிடம் கேளுங்கள்.