எஃப்.ஐ.ஆர். இல்லாமலே சிகிச்சை உண்டு

"எஃப்.ஐ.ஆர். காப்பி இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் தொடாது, ஒரு நாள் தாண்டிவிட்டால் போயும் பயனில்லை" என்று பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பற்றி உங்கள் கருத்தில் எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் இரண்டுமே தவறு, இதை நம்பி ஒரு பெண் வீட்டிலேயே முடங்கிவிடக்கூடும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையோ தனியாரோ உடனே இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும். 2013-லிருந்தே இந்தியாவில் இதுதான் சட்டம், இப்போது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 397-ஆவது பிரிவு. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும் என்பது உண்மை. ஆனால் தகவல் சொல்வது வேறு, புகார் கொடுத்தால்தான் வைத்தியம் என்பது வேறு.

நேரக் கணக்கும் நீங்கள் சொல்வது போல இல்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கலாம், முந்தினால் நல்லது. அவசரக் கருத்தடை 5 நாள் வரை பலன் தரக்கூடும், நாளாக ஆக மாத்திரையின் பலன் குறையும். குளித்துவிட்டாலும் போகலாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போகட்டும். மனநல உதவிக்குக் கெடுவே கிடையாது, மாதங்கள் கழித்தும் கேட்கலாம்.

இன்னொன்று, பரிசோதனை பற்றிப் பலருக்கு உள்ளூர பயம் இருக்கும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. பிறப்புறுப்பில் விரல்விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை செய்வது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் மாவட்டத்தின் ஒன் ஸ்டாப் சென்டருக்கு வழிகாட்டுவார்கள். உங்கள் கருத்தை முடிந்தால் திருத்திவிடுங்கள்.