படத்துல ஆளே இல்லையே, ஏன்?

கலையை கலையா மட்டும் பாருங்க, அதுல ஏன் அரசியலை இழுக்குறீங்கன்னு கேக்குறவங்ககிட்ட கனடாவோட 1927ஐ எடுத்து வைக்கலாம். அந்த டிசம்பர்ல ஒட்டாவா நேஷனல் கேலரில ஒரு எக்ஸிபிஷன், மேற்குக் கரை பழங்குடிகளோட முகமூடி, போர்வை, மரச்சிற்பம்னு வெச்சு கூடவே எமிலி கார், ஏ.ஒய். ஜாக்சன் மாதிரி வெள்ளைக்கார ஓவியர்கள் படங்களையும் மாட்டியிருந்தாங்க. அடடா, எவ்ளோ மரியாதைன்னு தோணும்ல? அதே வருஷம்தான், பழங்குடிகள் நில உரிமை வழக்குக்கு காசு திரட்டினா குற்றம்னு சட்டம் கொண்டு வந்தாங்க.

அந்த மாதிரி முகமூடியைப் போட்டு ஆடி, வந்தவங்களுக்குப் பரிசை வாரிக் கொடுக்கற பாட்லாட்ச்ங்கற மேற்குக் கரைப் பழங்குடி விழாவுக்கு 1885லேர்ந்து தடை வேற. 1921 கடைசில அந்த மேற்குக் கரைல இருக்கற வில்லேஜ் ஐலண்ட்ல டான் க்ரான்மர்ங்கற பழங்குடித் தலைவரோட குடும்பம் ஒரு பெரிய பாட்லாட்ச் நடத்துச்சு, போலீஸ் கேஸ் போட்டு, ஜெயிலுக்குப் போகாம இருக்கணும்னா முகமூடி, செப்புத் தகடு எல்லாத்தையும் ஒப்படைங்கன்னு மிரட்டி வாங்கி, கொடுக்காதவங்கள உள்ள தள்ளிட்டாங்க. பறிச்சதெல்லாம் ஒட்டாவா, டொரன்டோ மியூசியங்களுக்குப் போச்சு, கொஞ்சம் நியூயார்க் கலெக்டருக்கு வித்தாங்க. போட்டு ஆடினா ஜெயில், கண்ணாடிப் பெட்டில இருந்தா கலை!

எமிலி கார் படங்கள் எனக்குப் பிடிக்கும், அந்த பச்சையும் சுழலுற காடும் வேற லெவல். ஆனா டோட்டம் கம்பம், அதாவது பழங்குடிகள் செதுக்கி நட்ட உயரமான மரத்தூண், அது மட்டும் நிக்குது, சனத்தைக் காணோம். பாக்குறவன் ஐயோ அழிஞ்சுபோன இனம்னு உச்சு கொட்டிட்டுப் போயிடுவான். 1862 பெரியம்மைல ஊர் ஊரா செத்தாங்க, பிள்ளைங்கள வீட்டுலேர்ந்து பிரிச்சு ரெசிடென்ஷியல் ஸ்கூல்ங்கற விடுதிப் பள்ளிக்கு இழுத்துட்டுப் போனாங்க, மிச்சப் பேர்ல நிறைய பேர் கோடைல மீன் டப்பா ஃபேக்டரி வேலைக்குப் போயிருப்பாங்க. ஊர் காலியா இருந்துச்சுங்கறதும் ஆளுங்களே இல்லங்கறதும் ஒண்ணா?

அதே காலத்து இன்னொரு கனடா ஓவியர் லாரன் ஹாரிஸ் இன்னும் சுவாரசியம். சுப்பீரியர் ஏரியை மனுஷ வாடையே இல்லாம வரைஞ்சவர், ஆனா அந்தக் கரை பூரா அனிஷினாபேங்கற பழங்குடி மக்கள் இருக்காங்க. அவருக்கு சம்பாதிக்கற கவலையே கிடையாது, மாஸி-ஹாரிஸ் கம்பெனி குடும்பம். புல்வெளில குடியேறினவங்களுக்கு அறுவடை மிஷின் வித்த அதே கம்பெனிதான். இதை கிளாஸ்ல சொன்னா ஓவியரை கேவலப்படுத்துறோம்னு சில பேருக்கு கோவம் வருது, பிரஷ்ஷுக்குப் பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறதுல என்னங்க கேவலம்?

அந்த முகமூடிகளைப் பறிச்சப்போ ஒரு கண்டிஷனும் இல்ல, பழங்குடிகள் திருப்பிக் கேட்டப்போ மட்டும் மியூசியம் கட்டினாத்தான் தருவோம்னுச்சு ஒட்டாவா. கட்டினாங்க, அதே மேற்குக் கரைல அலர்ட் பேங்கற ஊர்ல 1980ல உமிஸ்டாங்கற அவங்களோட பண்பாட்டு மையம் திறந்தது. டொரன்டோ மியூசியம் தன்கிட்ட இருந்ததைக் கொடுக்க 1988 ஆச்சு.