பங்கு பிரிக்கும் முன் கணக்கைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை; பெரும்பாலானோர் காணொலியைப் பார்த்திருப்பீர்கள். "கரியமில வாயுவை வெளியிடுவதில் உலகிலேயே மூன்றாம் இடத்தில் இருக்கும் நமக்கு அமெரிக்காவைக் குறை சொல்ல என்ன தகுதி?" என்று ஒரு பேச்சாளர் கேட்டதும் அரங்கம் கைதட்டியது. கைதட்டியவர்களில் எங்கள் கடற்கரைப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதுதான் இத்தனை நாளாக என்னை உறுத்துகிறது.

மூன்றாம் இடம் என்பது உண்மைதான். ஆனால் அது ஓர் ஆண்டின் கணக்கு. வெளியேறிய கரியமில வாயுவில் கணிசமான பகுதி அந்த ஆண்டோடு மறைந்துவிடுவதில்லை. தலைமுறைகள் தாண்டி வளிமண்டலத்தில் தங்கிப் பூமியைச் சூடேற்றுகிறது. 1850 முதல் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து வெளியேறியதைக் கூட்டினால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியாவுடையது சுமார் 3 முதல் 4 சதவீதம். ஒரு மாதம் ஆழ்கடலில் தங்கிவரும் விசைப்படகில் கடைசி நாள் மீனை மட்டும் வைத்துப் பங்கு பிரித்தால் தூத்தூர் கடற்கரை சும்மா விடுமா? தலைக்கணக்குப் பார்த்தாலும், அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளியிடும் இடத்தில் இந்தியர் ஒருவர் வெளியிடுவது சுமார் 2 டன்தான்.

நிலக்கரிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் எழுதுவீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவனிடம் அதைச் சொல்ல வேண்டாம். சீனா இன்று ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருக்கிறது, அதுவும் பதில் சொல்லட்டும். நம் நாட்டுப் பணக்காரர்களைப் பற்றிக் கேட்டால், அது நமக்குள் தீர்க்க வேண்டிய வழக்கு. அதைக் காட்டி இந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது.

1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு', அதாவது பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் அளவு ஒன்றல்ல என்ற கொள்கையை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022இல். அரசுகள் வழியாக வந்ததில் பெரும்பகுதி கடன். வீட்டை இடித்தவனிடமே வட்டிக்கு வாங்கிச் சுவர் எழுப்பச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. அந்தப் புயலை இன்ன நாடு அனுப்பியது என்று நான் சொல்லவில்லை. சூடேறிய கடல்நீர்தான் புயலுக்குத் தீனி என்பதைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் அன்று கடலில் இருந்தார், திரும்பவில்லை. அவருக்கு வண்டி என்று ஒரு சைக்கிள் இருந்தது, அவ்வளவுதான். என்றாவது போன் மணி அடிக்கும் என்று அவர் மனைவி, எங்கள் அக்கா, அவருடைய கைபேசி எண்ணை உயிரோடு வைத்திருந்தார். மாதம் தவறாமல் ஒரு துண்டுச் சீட்டில் அந்த எண்ணை எழுதித் தருவார், சந்திப்புக் கடையில் நான் ரீசார்ஜ் செய்து வருவேன். எனக்கு மனப்பாடமாகிவிட்ட பிறகும் அவர் எழுதித் தருவதை நிறுத்தவில்லை.

அந்த அக்காவின் மகனும் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இருந்தான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு முழுக் கணக்கையும் யாரும் சொல்லவில்லை, நானும் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. இன்று மாலை அவன் வீட்டுக்குப் போகிறேன்.