பகல் பராமரிப்பு நிலையப் பணியாளரின் சம்பளம்: வாட்ஸ்அப் தகவல் தவறு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “பிள்ளை பராமரிப்பது சேவை, அதற்குக் குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை, ஈபிஎஃப்பும் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை.” இது பிழை.

கட்டணம் வாங்கி நடக்கும் நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் தொழிலாளியே. 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. அதன்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா.

அதிகம் பிழை நடக்கும் இடம் சம்பளக் கழிவுதான். 30,000இல் சேமலாப நிதிக்காகப் பணியாளரிடம் கழிக்கக்கூடியது 8 வீதம், அதாவது 2,400. முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் (3,600) சேமலாப நிதிக்கும், 3 வீதம் (900) ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் (ஈடிஎஃப்) கட்டவேண்டும். கைக்கு 27,600 வரவேண்டும். சேமலாப நிதியின் 8, 12 வீதம் ஆகிய இரண்டு பங்கையும் பணியாளரின் தலையில் போட்டு 24,000 கொடுப்பது சட்டவிரோதம். பயிற்சிக்காலம் என்று சொல்லியும் தட்டிக்கழிக்க முடியாது. முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைவான ஊழியருள்ள தொண்டு நிறுவனங்களுக்குச் சேமலாப நிதியில் விலக்கு உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். கட்டணம் அறவிடும் தனியார் நிலையத்துக்கு அது பொருந்தாது. முன்பள்ளி ஆசிரியர்களுக்கு மாகாணத்தினூடாக வரும் கொடுப்பனவு வேறு விடயம்.

சம்பளத் துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் அடையாள அட்டையுடன் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். திருத்தச் சட்டம் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. நாள் முழுக்கக் குழந்தைகளைத் தூக்கிச் சுமக்கிற பெண்களின் உரிமையை அந்த வாட்ஸ்அப் செய்தி மறைக்கிறது. தயவுசெய்து அதை இனிப் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் திருத்தத்தைச் சொல்லுங்கள்.