செர்ரோ தோரே: அந்த போல்ட்டுகளைக் கழற்றியது சரிதான்

எங்கள் பாறையேற்றக் குழுவில் மறுபடியும் அதே சண்டை. 2012-ல் இரண்டு பையன்கள் செர்ரோ தோரே மலையிலிருந்து போல்ட்டுகளை, அதாவது ஏறுகிறவர்கள் பிடிக்கவும் கயிறு மாட்டவும் பாறையில் துளை போட்டு அடித்த இரும்பு ஆணிகளை, கழற்றியது சரியா, தப்பா? வாட்ஸ்அப்பில் சொல்லி முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அர்ஜென்டினாவின் தெற்குப் பகுதியில், படகோனியாவில் ஊசி மாதிரி நிற்கிற கிரானைட் மலை அது. உயரம் 3,128 மீட்டர், நம் ஆனைமுடியைவிட 433 மீட்டர்தான் கூடுதல். ஆனால் செங்குத்து. உச்சியில் காளான் மாதிரி பனிக்கட்டி. பசிபிக் பக்கமிருந்து வருகிற காற்று நாள்கணக்கில் ஓயாது.

அடிவாரம் வரை போவது இப்போது சுலபம். 1985-ல் உருவான எல் சால்தேன் ஊருக்கு பஸ் வருகிறது, அங்கிருந்து மூன்று மணி நேரம் நடந்தால் லகூனா தோரே ஏரி. நான் போயிருக்கிறேன். ஏரித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் நிறம், அதில் பனிக்கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் மேகம் விலகவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் பத்து நிமிடம் திறந்தது. பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்றிருந்த ஒரு பாட்டியும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். இந்தப் பாதை எல்லாருக்கும் வேண்டும். இன்னும் நல்லதாகப் போட்டாலும் சந்தோஷம்தான். என் வழக்கு அதற்கு மேலே இருக்கிற பாறையைப் பற்றியது.

இத்தாலிக்காரர் சேசரே மாயெஸ்த்ரி 1959-லேயே உச்சியைத் தொட்டதாகச் சொன்னார். கூடப் போன டோனி எக்கர் இறங்கும்போது இறந்துவிட்டார், கேமராவும் அவரோடு போய்விட்டது. பலரும் நம்பவில்லை. அந்தக் கோபத்தில் 1970-ல் பெட்ரோல் கம்ப்ரசர் (துளை போடும் கருவியை ஓட்டுகிற காற்றழுத்த எந்திரம்) ஒன்றைப் பாறையில் இழுத்து ஏற்றி, தென்கிழக்கு முகட்டில் சுமார் 400 போல்ட் அடித்தார். பக்கத்திலேயே நல்ல விரிசல் இருந்த இடங்களிலும் அடித்தார். உச்சிக் காளானில் ஏறவில்லை. இறங்கும்போது மேலே இருந்த சில போல்ட்டுகளைத் தானே உடைத்துவிட்டும் வந்தார். தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகப் போட்ட ஏணி என்று இதை எப்படிச் சொல்வது?

நான் போல்ட்டுக்கு எதிரி இல்லை. நாங்கள் ஏறுகிற, பெங்களூர் பக்கத்து சாவன்துர்கா மலையில் பல இடங்களில் விரல் நுழையக்கூட விரிசல் கிடையாது, வழவழவென்று கருங்கல் சரிவு. ஒருமுறை கடைசி போல்ட் பதினைந்து அடி கீழே இருக்க, கெண்டைக்கால் வெடவெடக்க நின்றிருக்கிறேன். அடுத்த போல்ட்டில் காராபைனர் கொக்கி மாட்டுகிற அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே வந்தது. பாறை வேறு வழி தராத இடத்தில் ஒரு போல்ட் அடிப்பது நியாயம். விரிசலில் கை செருகி ஏறலாம், கழற்றி எடுத்துக்கொள்ளக்கூடிய கருவியைச் சொருகலாம் என்கிற இடத்தில் துளை போடுவது அந்தப் பாறைக்குச் செய்கிற அவமரியாதை.

2012 ஜனவரியில் அந்த இரண்டு பையன்கள், ஹெய்டன் கென்னடியும் ஜேசன் குருக்கும், அதே முகட்டில் மாயெஸ்த்ரியின் போல்ட்டுகளைப் பிடித்து ஏறாமல் உச்சிக்குப் போனார்கள். கென்னடிக்கு அப்போது வயது 21. இறங்கும்போது சுமார் 120 போல்ட்டுகளைக் கழற்றினார்கள். சில நாளிலேயே ஆஸ்திரிய ஏற்றக்காரர்கள் டேவிட் லாமாவும் பீட்டர் ஆர்ட்னரும் அங்கே போனார்கள். போல்ட் வரிசை போய்விட்ட அந்தப் பாறையில் லாமா கையையும் காலையும் மட்டுமே நம்பி ஏறி முடித்தார். கயிறு, கருவியெல்லாம் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வழி அங்கே இருந்தது. நாற்பது வருஷமாக போல்ட் வரிசையைப் பிடித்துப் போனவர்களுக்கு அதைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

“அப்போ நம்மைப் போன்றவர்கள் எப்படி ஏறுவது?” என்று குழுவில் ஒரு தம்பி கேட்டான். ஏறாமல் இருக்கலாம் தம்பி. நான் அந்த ஏரிக்கரையோடு திரும்பினேன், எனக்கு எதுவும் குறைந்துபோகவில்லை. இன்னும் பத்து வருஷம் பழகிவிட்டு நீ போ. உன் தகுதிக்கு மலையைக் குறைக்காதே.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு உறுத்துகிறது. எல் சால்தேனில் அன்று பலருக்கும் கடும் கோபம், போலீஸ் அந்த இருவரையும் பிடித்துவைத்து விசாரித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. தினமும் அந்த மலையைப் பார்த்து எழுகிறவர்களை, துளை போட்ட இத்தாலிக்காரரும் கேட்கவில்லை, கழற்றிய வெளியூர்ப் பையன்களும் கேட்கவில்லை.

கம்ப்ரசர் இன்னும் அங்கேதான், உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறையில் தொங்குகிறது. அதை இறக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இந்த முறை முதலில் அந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.