மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிட்டால் மொழி வந்துவிடுமா?

குடியேறியவர்கள் அந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? கண்டிப்பாக வேண்டும். சம்பளச் சீட்டில் எதற்குப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல், ஒரு கடிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைவது பெரிய கொடுமை. மொழி தெரியாதவரைத்தான் முதலாளியும் ஏமாற்றுவார், தரகரும் ஏமாற்றுவார்.

ஆனால் "வரிப்பணத்தில் இவர்களுக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு எதற்கு? நிறுத்தினால் தன்னால் கற்றுக்கொள்வார்கள்" என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தமிழ் அம்மா. கூடவே பள்ளிச் சீருடையில் பத்து வயது மகள், மடியில் புத்தகப்பை. நர்ஸ் கேட்பதை அவள் அம்மாவிடம் தமிழில் சொல்கிறாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, மூன்று வாரமாக உதிரம் நிற்கவே இல்லை என்கிறார். பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நர்ஸிடம், "வயிறு வலிக்கிறதாம்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் மீதியை நான் சொன்னேன். அன்று நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்?

மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் காசை நிறுத்தினால் அந்தச் செலவு எங்கேயும் போய்விடாது, அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும். இல்லையென்றால் பின்னால் பல மடங்காக மருத்துவமனைக்கே திரும்பி வரும். 1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயக்க நிலையில் கொண்டுவந்தார்கள். சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் குடும்பத்தார் 'இன்டோக்சிகாடோ' என்ற ஸ்பானிஷ் சொல்லைச் சொன்னார்கள். போதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் போலவே அது ஒலித்ததால், மருத்துவர்கள் அதைப் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் இரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கைகால்கள் செயலிழந்துவிட்டன. இழப்பீட்டு உடன்பாடு சுமார் 7.1 கோடி டாலர் மதிப்பு. ஒரு மணி நேர மொழிபெயர்ப்புக்கு என்ன செலவாகியிருக்கும்?

இத்தனைக்குப் பிறகும் டென்மார்க்கில் 2018 முதல், மூன்று வருடத்துக்கு மேல் அங்கே வாழ்ந்தவர்கள் மருத்துவமனை மொழிபெயர்ப்புக்குத் தாங்களே பணம் கட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். காசில்லாதவர் என்ன செய்வார்? உறவினரைக் கூட்டிப் போவார், அல்லது போகாமலே இருந்துவிடுவார்.

நீதிமன்றத்தில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழி புரியாவிட்டால் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 14ஆவது பிரிவே சொல்கிறது. சிறைக்குப் போகிறவருக்கு உள்ள உரிமை, அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்குத் தந்தால் மட்டும் ஏன் அநாவசியச் செலவாகத் தெரிகிறது?

சரி, மொழியை எப்படித்தான் கற்பது? நேரம் கொடுத்தால் கற்பார்கள். ஜெர்மனி 2005 முதல் நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் வழக்கமாக 600 பாடவேளை. ஆஸ்திரேலியாவில் 510 மணி நேரம் இலவசம் என்று வரம்பு இருந்தது. அது போதவில்லை என்று 2021இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். வளர்ந்த ஒருவருக்குப் புது மொழி படிவது அவ்வளவு மெதுவான வேலை. இரண்டு ஷிப்ட் பார்த்து, பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு உட்கார்கிறவருக்கு இன்னும் மெதுவாகத்தான் வரும். அதுவரை அவருக்கு நோய் வராமல் இருக்குமா?

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் யாரும் படிக்காத துண்டறிக்கைகளைப் பத்து மொழியில் அச்சடிப்பதை நிறுத்துங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் காசில் மாலை வகுப்பு வையுங்கள், பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடுங்கள்.

அன்று அந்த அம்மாவிடம் வகுப்புக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். பெயர் கொடுத்திருக்கிறாராம். வகுப்பு காலை ஒன்பது மணிக்கு. அவர் இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வருவது எட்டரைக்கு.