தூக்குச்சட்டியும் இருபது காசும்

நேற்று ராத்திரி பினாங்கு ஜெலுத்தோங்கில் நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) வாங்க மகளோடு போயிருந்தேன். எங்கள் முறை வந்ததும் பையிலிருந்து மூன்றடுக்குத் தூக்குச்சட்டியை எடுத்து, "இதுல போடுங்கண்ணே" என்று நீட்டினாள். பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

கடைக்காரரும் ஒரு கணம் முழித்தார். தாளில் மடிப்பதென்றால் அவர் கைக்கு அளவு தெரியும். சட்டிக்கு எவ்வளவு சோறு? கடைசியில் கூடவே ஒரு கரண்டி போட்டு, குழம்பை 'பஞ்சிர்' என்று வெள்ளமாக ஊற்றினார். தே தாரேக்கை, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரை, அவள் தன் குடுவையில் வாங்கினாள். நான் வழக்கம்போல 'இக்காத் தெப்பி'தான், கொதிக்கக் கொதிக்க ஓரத்தில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில்.

அந்தக் கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது? அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும்போது கையில் இருந்ததும் தூக்குச்சட்டிதான். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுப் பட்டணத்துக்கு வந்ததும் நாங்கள் முதலில் ஒளித்து வைத்தது அதைத்தான். அது தோட்டக்காட்டு அடையாளம். பொங்குஸ், அதாவது பொட்டலம், கட்டி வாங்குவது நாகரிகம்.

பிளாஸ்டிக் வேண்டாமென்று சொல்ல ஆள் இல்லாமலா போயிற்று? பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969-லேயே தொடங்கியாயிற்று. அதன் தலைவர் எஸ்.எம். இத்ரிஸ் ஐயா 2019-இல் கண்மூடும்வரை தொண்டை வற்றச் சொன்னார்; நாங்கள் தலையாட்டினோம். 2009-இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்றார்கள், 2011-இலிருந்து தினமும் பைக்கு 20 காசு என்றாக்கினார்கள். இந்த நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதல் என்று பெருமை வேறு. முதல் வாரம் முணுமுணுத்தேன். அப்புறம் 20 காசைக் கொடுத்துவிட்டுப் பை வாங்கப் பழகிவிட்டேன். இன்றும் அடுப்படி இழுப்பறை திறக்க முடியாமல் பிதுங்குகிறது.

ஆக, இந்தப் பிள்ளைகள் நமக்குத் தெரியாத எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு வெட்கம் இல்லை, அவ்வளவுதான். பண்டல் கடையில் வாங்கிய பழைய சட்டையைப் பத்து வெள்ளி (ரிங்கிட்) என்று ஊருக்கே சொல்கிறாள். நாங்களாக இருந்தால் யாருடைய துணியோ என்று மூச்சு விட்டிருக்க மாட்டோம். (ஆன்லைனில் வாரம் இரண்டு பொட்டலம் வருகிறதே, அதைக் கேட்டால் மட்டும் முகம் திரும்பிக்கொள்கிறது.)

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். முதல் மாதம் அந்தச் சட்டியைக் கழுவியது யார்? நான்! பூமியைக் காப்பாற்றுகிற வேலையும் கடைசியில் அம்மாவின் கழுவுதொட்டிக்கே வருகிறது. ஒருநாள் சண்டை போட்டேன். அதற்குப் பிறகு அவளும் அவள் தம்பியும் முறை வைத்துக் கழுவுகிறார்கள்.

இன்று அவன் முறை. மஞ்சள் கறை படிந்த மூடி காலையிலிருந்து தொட்டியில் ஊறுகிறது. நான் இன்னும் தொடவில்லை.